கண்டுபிடித்தவர் பெயர் காலியாக உள்ள கோள்: ஹௌமியா விவகாரம்

பன்னாட்டு வானியல் ஒன்றியம் இன்றுவரை ஐந்து குறுங்கோள்களை முறைப்படி ஏற்றிருக்கிறது: சீரிஸ், புளூட்டோ, ஹௌமியா, மாகேமாகே, ஏரிஸ். 1801-ல் சீரிஸைக் கண்டவர் இத்தாலியின் பியாஸி. 1930-ல் புளூட்டோவைக் கண்டவர் அமெரிக்காவின் கிளைட் டோம்பா. ஏரிஸுக்கும் மாகேமாகேவுக்கும் எதிரே மூன்று அமெரிக்க வானியலாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஹௌமியாவின் பதிவில் மட்டும் கண்டுபிடித்த நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆள் இல்லை. நாளும் இடமும் ஸ்பெயின் குழுவுக்கு உரியவை. கோளின் பெயரோ அமெரிக்கக் குழு கொடுத்தது.

இந்தக் காலியிடம் எழுத்தர் பிழையால் வந்ததல்ல. மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடித்த சண்டைக்கு ஒன்றியம் கண்ட தீர்வு அது. யார் திருடினார், யார் நல்லவர் என்ற பட்டிமன்றமாகத்தான் இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் ஆர்வம் குறைவு. நெப்டியூனுக்கு அப்பால் இருக்கும் ஒரு பனிப்பாறையை "கண்டுபிடிப்பது" என்றால் எந்தச் செயல் என்ற கேள்விதான் இங்கே முக்கியம். படம் எடுப்பதா? படத்தில் புள்ளி நகர்வதைக் கவனிப்பதா? அது என்ன என்று புரிந்துகொள்வதா? உரிய இடத்தில் முதலில் எழுதிக் கொடுப்பதா? சாதாரணமாக இந்த நான்கையும் ஒரே குழு செய்துவிடும், கேள்வியே எழாது. ஹௌமியாவில் இவை இரண்டு கண்டங்களுக்கிடையே சிதறிப்போயின.

அமெரிக்கக் கதை

கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் 1.2 மீட்டர் விட்டமுள்ள சாமுவேல் ஆஸ்சின் தொலைநோக்கி இருக்கிறது. கால்டெக்கின் மைக் பிரவுன், ஜெமினி வானாய்வகத்தின் சாட் ட்ருஹியோ, யேல் பல்கலைக்கழகத்தின் டேவிட் ரபினோவிட்ஸ் மூவரும் அதைக் கொண்டு வானத்தைப் பகுதி பகுதியாகப் படம் எடுத்துவந்தார்கள். வழிமுறை எளியது. ஒரே இடத்தை ஒரே இரவில் மூன்று முறை, நேர இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். விண்மீன்கள் அசையா. சிறுகோள்கள் வேகமாக ஓடும். மிக மெதுவாக ஊர்கிற புள்ளி இருந்தால் அது தொலைவில் இருக்கிறது என்று பொருள். அந்த ஊர்தலில் பெரும்பங்கு அதனுடையதுகூட அல்ல, நம்முடையது. பூமி நகர்வதால் அது பின்னணி விண்மீன்களுக்கு எதிரே இடம் மாறியதுபோல் தெரிகிறது.

படங்களைக் கணினி சலிக்கும், அது தேர்ந்துகொடுத்த சந்தேகப் புள்ளிகளை மனிதர் பார்ப்பார். கணினிக்கு ஒரு வேக வரம்பு வைக்க வேண்டும், அதைவிட மெதுவானவற்றை அது தள்ளிவிடும். 2003 நவம்பரில் செட்னா என்ற தொலைதூரப் பொருள் அகப்பட்டது. அது அந்த வரம்பை ஒட்டி ஊர்ந்தது. இன்னும் மெதுவானவை தப்பியிருக்குமோ என்று வரம்பைத் தளர்த்திப் பழைய படங்களை மீண்டும் சலித்தார்கள். 2003 அக்டோபர் 21 அன்று எடுத்த படத்திலிருந்து 2005 ஜனவரி 5 அன்று ஏரிஸ் கிடைத்தது இப்படித்தான். ஏறத்தாழ 97 வானியல் அலகு தொலைவு. சூரியனிலிருந்து நாம் இருக்கும் தூரத்தைப்போல் 97 மடங்கு.

அதற்கு எட்டு நாள் முன்னால், 2004 டிசம்பர் 28 அன்று, பிரவுன் வேறொன்றைப் பார்த்திருந்தார். அந்த ஆண்டு மே 6 அன்று எடுத்த படங்களில் மிகப் பிரகாசமான ஒரு புள்ளி. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வந்ததால் "சாண்டா" என்று செல்லப்பெயர். பின்னாளில் ஹௌமியா ஆனது இதுதான். மென்பொருள் அதற்கு இட்ட குறியீடு கே40506ஏ. கே என்பது நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பொருள்கள் சுற்றும் கைப்பர் பட்டை, அடுத்த ஐந்து இலக்கங்கள் 2004 மே 6 என்ற தேதி, ஏ என்பது அன்று அகப்பட்ட முதல் பொருள். இந்தக் குறியீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விவகாரம் முழுக்க இதன் மேல்தான் சுழல்கிறது.

கண்டவுடனே அறிவித்திருக்கலாம். அறிவிக்கவில்லை. அதற்கு ஒரு வலுவான காரணம் இருந்தது. தொலைநோக்கியில் தெரிவது வெளிச்சம் மட்டுமே. ஒரே அளவு வெளிச்சத்தைச் சிறிய வெள்ளைப் பந்தும் தரும், பெரிய கரிய பந்தும் தரும். மேற்பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று தெரியாமல் அளவைச் சொல்ல முடியாது. சாண்டா கரியதாக இருந்தால் புளூட்டோவைவிடப் பெரியது, வெண்பனி மூடியதாக இருந்தால் சிறியது. "பத்தாவது கோள்" என்று ஊடகங்கள் எழுதிவிட்ட பிறகு "இல்லை, புளூட்டோவில் மூன்றில் ஒரு பங்கு நிறைதான்" என்று திருத்துவது எளிதல்ல.

2005 ஜனவரி 26 அன்று ஹவாயின் கெக் தொலைநோக்கி அதனருகே ஒரு நிலவைக் காட்டியது. நிலவு கிடைத்தால் நிறையை நேரடியாகக் கணக்கிடலாம். நிலவு எவ்வளவு தொலைவில் எத்தனை நாளில் சுற்றுகிறது என்று தெரிந்தால் போதும், மீதியை நியூட்டன் பார்த்துக்கொள்வார். ஆனால் இந்த நிலவு ஒரு சுற்றுக்கு 49 நாள் எடுக்கிறது. ஆகவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜூன் 30 அன்று இரண்டாவது நிலவு வேறு. இதற்கிடையில் ரபினோவிட்ஸ், சிலியின் செரோ டொலொலோவில் உள்ள ஸ்மார்ட்ஸ் கூட்டமைப்பின் 1.3 மீட்டர் தொலைநோக்கியால் சாண்டாவின் ஒளி ஏறி இறங்குவதை அளந்துகொண்டிருந்தார். எந்த இரவில் தொலைநோக்கி எந்தத் திசையை நோக்கியது என்ற பதிவேடு அங்கே வழக்கமாக எழுதப்படும். அந்தப் பதிவேடு இணையத்தில் இருந்தது. தேடுபொறியில் குறியீட்டை இட்டால் வந்து நிற்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

மார்ச் 31 அன்று மாகேமாகே. ஆக, மூன்று பெரிய கண்டுபிடிப்புகள் ஒரே குழுவின் கைக்குள் மூடிவைக்கப்பட்டிருந்தன. செப்டம்பரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடக்கவிருந்த கோளறிவியல் மாநாட்டில் சாண்டாவைப் பற்றிப் பேசுவதாகத் திட்டம். மாநாட்டு உரைகளின் சுருக்கங்கள் ஜூலை 20 அன்று இணையத்தில் ஏறின. அதில் பொருளின் இடம் சொல்லப்படவில்லை. கே40506ஏ என்ற குறியீடு மட்டும் இருந்தது.

ஒன்பது நாள்

ஸ்பெயினின் கிரனடா நகரில் அந்தலூசிய வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது. அதன் தொலைநோக்கிகள் சியெரா நெவாடா மலையில், கிட்டத்தட்ட 2,900 மீட்டர் உயரத்தில். அங்கே ஹோஸே லூயிஸ் ஓர்ட்டிஸ் தலைமையிலான சிறிய குழு நெப்டியூனுக்கு அப்பால் உள்ள பொருள்களைத் தேடிவந்தது. பாலோமர் குழுவோடு ஒப்பிட்டால் ஆள்பலமும் கருவிபலமும் குறைவு. எடுத்து வைத்த படங்கள் பார்க்கப்படாமல் குவிந்து கிடந்தன.

அவர்கள் சொல்வதன்படி, 2003 மார்ச் 7 முதல் 10 வரை எடுத்த படங்களை 2005 ஜூலை கடைசி வாரத்தில் ஆராய்ந்தபோது மாணவர் பாப்லோ சாந்தோஸ்-சான்ஸ் கண்ணில் ஒரு பிரகாசமான புள்ளி பட்டது. ஏற்கெனவே தெரிந்த பொருளா என்று சரிபார்க்கும்போது பிரவுன் குழுவின் சுருக்கம் கண்ணில் பட்டது. அதே பொருளாக இருக்குமோ என்ற எண்ணத்தில் குறியீட்டைத் தேடுபொறியில் இட்டார்கள். சிலித் தொலைநோக்கியின் பதிவேடு திறந்தது. இது ஜூலை 26 காலை. பதிவேட்டைக் கொண்டு இரண்டும் ஒன்றா இல்லையா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்பது அவர்கள் தரப்பு.

ஜூலை 27 இரவு, உலகின் சிறுகோள் பதிவுகள் எல்லாம் சென்று சேரும் மைனர் பிளானட் சென்டருக்கு அவர்கள் அவசர மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதில் பதிவேட்டைப் பார்த்தது பற்றி ஒரு வரியும் இல்லை. மறுநாள் காலை மீண்டும் அதே பதிவேட்டைத் திறந்து, வேறு சில இரவுகளின் குறிப்புகளையும் பார்த்தார்கள். பின்னர் மயோர்க்கா தீவில் இருந்த ஜெர்மன் ஆர்வலர் ரெய்னர் ஸ்டாஸின் உதவியை நாடினார்கள். ஸ்டாஸ் கைதேர்ந்தவர். பாலோமரின் பழைய கண்ணாடித் தகடுகளின் டிஜிட்டல் பிரதிகளைத் துழாவி 1955-ம் ஆண்டுத் தகட்டிலேயே அந்தப் பொருள் பதிவாகியிருப்பதைக் கண்டார். அன்றிரவே மயோர்க்காவிலிருந்து அதை நேரிலும் பார்த்தார்கள். அரை நூற்றாண்டு நீளமுள்ள தரவு கையில் இருந்தால் சுற்றுப்பாதை கல்லில் பொறித்த மாதிரி. இரண்டாவது அறிக்கை போனது. அதிலும் பதிவேடு பற்றிய பேச்சில்லை. ஜூலை 29 அன்று மைனர் பிளானட் சென்டர் 2003 இ.எல்.61 என்ற தற்காலிகப் பெயருடன் பொருளை உலகுக்கு அறிவித்தது.

பிரவுனுக்கு அந்த மாதம்தான் முதல் குழந்தை பிறந்திருந்தது. விடுப்பில் இருந்தவர் செய்தி கேட்டு ஏமாந்தார். ஆனாலும் ஓர்ட்டிஸுக்கு வாழ்த்துச் சொல்லி எழுதினார். வானத்தில் இவ்வளவு வெளிச்சமான பொருளை வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எண்ணியது தங்கள் தப்பு என்பதுதான் அவர் முதலில் கொண்ட கருத்து. அதே வேளையில், தங்கள் குறியீடுகளைத் தேடினால் பதிவேடுகள் வருகின்றன என்பதும் தெரியவந்தது. மற்ற இரண்டும் இதே வழியில் கைமாறிவிடலாம். அதனால் ஜூலை 29 அன்றே அவசர அவசரமாக ஏரிஸையும் மாகேமாகேவையும் அறிவித்தார். ஒரே நாளில் மூன்று உலகங்கள் செய்தியில் வந்த விசித்திரம் இப்படி நடந்தது. புளூட்டோவைவிடப் பெரியது என்று அப்போது கருதப்பட்ட ஏரிஸ் தலைப்புச் செய்தியானதால் ஹௌமியா ஓரத்துக்குப் போய்விட்டது.

சில நாள்களில் சிலித் தொலைநோக்கியின் இணையச் சேவையகத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் வருகைப் பதிவை ஆராய்ந்தார்கள். அறிவிப்புக்கு முன்பே அந்தப் பக்கங்களைத் திறந்த கணினிகளின் முகவரி கிரனடா நிறுவனத்துடையது. பிரவுனின் தொனி மாறியது. ஓர்ட்டிஸிடம் விளக்கம் கேட்டார், பதில் வரவில்லை. ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்திடம் முறையான புகார் போனது: பிறர் தரவைப் பயன்படுத்திவிட்டு அதைச் சொல்லாமல் மறைத்தது அறிவியல் ஒழுக்கத்துக்கு எதிரானது, கண்டுபிடிப்பாளர் தகுதியை நீக்க வேண்டும். செப்டம்பரில் ஓர்ட்டிஸ் பதிவேட்டைப் பார்த்ததை ஒப்புக்கொண்டார். ஆனால் பொதுவெளியில் கிடந்ததைத் தேடுபொறி வழியாகப் பார்த்ததில் தவறில்லை, அது சரிபார்ப்பு வேலையின் ஒரு பகுதி என்றார். தரவை மறைத்துவைப்பதுதான் அறிவியலுக்குக் கேடு என்று எதிர்வாதமும் வைத்தார்.

எங்கே இடிக்கிறது

இந்த வழக்கின் முடிச்சு ஒரே இடத்தில்தான். பழைய படத்தில் புள்ளியைப் பார்த்த பிறகு பதிவேட்டைத் தேடினார்களா, பதிவேட்டில் இடத்தைப் பார்த்த பிறகு பழைய படத்தில் புள்ளியைத் தேடினார்களா? சேவையகத்தின் வருகைப் பதிவு எப்போது பக்கம் திறந்தது என்று சொல்லும். ஒருவர் அதற்கு முன் திரையில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லாது. இரண்டு வரிசையும் ஒரே தடயத்தைத்தான் விட்டுச் செல்லும். ஆகவே வெளியிலிருந்து தீர்ப்பு எழுதுவதற்கு இதில் இடமில்லை.

ஆனால் தீர்ப்பு தேவைப்படாத ஒரு பகுதி இருக்கிறது. முதல் மின்னஞ்சலிலேயே "இதே பொருளாக இருக்கக்கூடிய ஒன்றைப் பற்றிய கால்டெக் குழுவின் சுருக்கத்தையும் சிலித் தொலைநோக்கிப் பதிவேட்டையும் பார்த்தோம்" என்று எழுதியிருந்தால் இந்த விவகாரமே இல்லை. எந்த வரிசையில் நடந்திருந்தாலும் அந்த வரி உண்மையாக இருந்திருக்கும். அவர்களுக்கு அதனால் இழப்பும் வந்திருக்காது, ஏனென்றால் விதிப்படி முன்னுரிமை முதலில் அறிக்கை கொடுத்தவருக்கே. வேலியில்லாத தோட்டம் என்பதால் பறித்ததைச் சொல்லாமல் விடலாம் என்றாகாது. என் பார்வையில் குறை இங்கே, பார்த்ததில் அல்ல.

பிரவுன் தரப்பையும் முழுக்கக் கழுவிவிட முடியாது. அவருடைய காத்திருப்புக்குக் காரணம் இருந்தது, சரி. ஆனால் சிறுகோள் தேடுவோர் உலகில் வழக்கம் வேறு. அங்கே ஒரு புள்ளி நகர்ந்தால் அன்றிரவே மைனர் பிளானட் சென்டருக்குப் போய்விடும். மற்ற நாட்டார் அடுத்த இரவு தொடர்ந்து பார்ப்பார்கள், பாதை உறுதிப்படும். ஆர்வலர்களின் தொலைநோக்கிகள் இப்படித்தான் அறிவியலுக்குள் வருகின்றன. கோள்களின் இயல்பை ஆராய்வோரின் வழக்கமோ கட்டுரையை எழுதி முடித்துவிட்டு வெளியே சொல்வது. ஹௌமியா இந்த இரண்டு வழக்கங்களும் உரசிக்கொண்ட எல்லையில் கிடந்தது. ஏழு மாதம் வாயை மூடிக்கொள்கிறவர், மற்றவர் அதற்குள் கண்டுவிடக்கூடும் என்ற ஆபத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். பிரவுன் முதலில் வாழ்த்து அனுப்பியது இதை அவர் புரிந்துவைத்திருந்தார் என்பதற்குச் சாட்சி.

முதலில் "பார்த்தவர்" யார் என்ற கேள்வியை வைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் வேடிக்கை. 1955-ல் பாலோமர் தகட்டை எடுத்தவருக்கு அது தெரியாது. வானியலில் இது பழைய கதை. ஃப்ளாம்ஸ்டீட் 1690-ல் யுரேனஸைப் பார்த்து விண்மீன் பட்டியலில் சேர்த்துவிட்டார். அது கோள் என்று ஹெர்ஷல் கண்டது 1781-ல். கலிலியோ 1612 டிசம்பர் 28 அன்று வியாழனுக்குப் பக்கத்தில் நெப்டியூனை வரைந்துவைத்தார். அவருக்கு அது இன்னொரு விண்மீன். பிரவுன் சாண்டாவைக் கண்டதும் ஒரு டிசம்பர் 28-ல்தான், தற்செயல்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதை அளந்தார்கள். கோள் வருவதற்கு முன்பே விண்மீன் ஒருமுறை மங்கியது. புதிய நிலவு ஒன்று குறுக்கே வந்திருக்கலாம் என்று எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்திலிருந்து பார்த்த ஜேம்ஸ் எலியட் குழுவுக்குக் கோளின் இரண்டு பக்கமும் ஒத்த மங்கல்கள் கிடைத்ததால் அவை வளையங்கள் என்று புரிந்தது. ஒரே விண்மீன், ஒரே இரவு. யுரேனஸ் வளையங்களைக் கண்டவர்கள் என்று பாடநூல்கள் எலியட் குழுவைச் சொல்கின்றன. அதில் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பார்த்ததைச் சரியாகப் படித்தவர்கள் அவர்கள். ஹௌமியாவுக்கு அதே அளவுகோலை வைத்தால் பிரவுன் குழுவின் பக்கம் தட்டு சாய்கிறது. 2005 ஜூலையில் அதன் நிறையும் நிலவுகளும் சுழற்சியும் அவர்கள் கையில்தான் இருந்தன. ஒன்றியத்தின் விதியோ புரிதலைக் கேட்பதில்லை. பாதையைக் கணக்கிடப் போதுமான தரவுடன் முதல் அறிக்கை யாருடையது என்று மட்டும் கேட்கிறது.

2008-ன் சமரசம்

2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகில் கூடிய ஒன்றியம் கோளுக்கு வரையறை எழுதி, புளூட்டோவைக் குறுங்கோள் என்ற புதிய வகையில் வைத்தது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஹௌமியா மட்டும் அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டு எண்ணாகவே அலைந்தது, பெயர் வைக்கும் உரிமை யாருக்கு என்று தீராததால்.

ஓர்ட்டிஸ் குழு முன்வைத்த பெயர் அட்டேசினா, ஐபீரியத் தொல்குடிகள் வணங்கிய பாதாள தேவதை. பிரவுன் குழுவின் பெயர் ஹௌமியா, ஹவாய் மக்களின் பிள்ளைப்பேற்றுத் தெய்வம். அவளுடைய பிள்ளைகள் அவள் உடலின் வெவ்வேறு பாகங்களிலிருந்து பிறந்தவர்கள் என்பது தொன்மம். நிலவுகளைக் கண்ட தொலைநோக்கி ஹவாயில் இருக்கிறது, நிலவுகளும் உடைந்த துண்டுகளும் தாய்க்கோளிலிருந்து பிரிந்தவை. பெயர்ப் பொருத்தம் பார்த்தால் இதற்கு மேல் ஒன்று கிடைக்காது. நெப்டியூனின் ஓட்டத்தோடு ஒத்திசைந்து சுற்றும் புளூட்டோ வகைப் பொருள்களுக்கே பாதாளத் தெய்வங்களின் பெயர்கள் என்ற மரபும் அட்டேசினாவுக்கு எதிராக நின்றது.

2008 செப்டம்பர் 17 அன்று ஒன்றியம் முடிவைச் சொன்னது. பெயர் ஹௌமியா. நிலவுகள் அவளுடைய மகள்களான ஹியியாகா, நமாகா. கண்டுபிடித்த நாள் 2003 மார்ச் 7. கண்ட இடம் சியெரா நெவாடா. கண்டவர் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. ஸ்பெயின் தரப்பு, எங்கள் பெயர் வேண்டாமென்றால் இரு தரப்பும் சொல்லாத மூன்றாவது பெயரையாவது வைத்திருக்கலாமே என்று குறைபட்டது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. நாளையும் இடத்தையும் ஒருவரிடமிருந்தும் பெயரை மற்றவரிடமிருந்தும் வாங்குவது, பங்காளித் தகராறில் ஊர்ப் பெரியவர்கள் செய்துவைக்கும் ஏற்பாடு. ஆனாலும் நிரூபிக்க முடியாததை நிரூபித்ததுபோல் எழுதாமல் விட்டதற்காக ஒன்றியத்தைப் பாராட்ட வேண்டும்.

அந்தப் பொருள் எப்படிப்பட்டது

இவ்வளவு பேர் மல்லுக்கட்டியதற்கு ஹௌமியா தகுதியானதுதான். சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 285 ஆண்டு எடுக்கிறது. ஆனால் தன்னைத்தானே நான்கு மணிநேரத்துக்கும் குறைவாக, 3.9 மணியில், சுற்றிவிடுகிறது. இந்த அளவுள்ள பொருள்களில் இவ்வளவு வேகம் வேறெதற்கும் இல்லை. அந்த வேகத்தில் அது உருண்டையாக இருக்க முடியாமல் நீண்டுவிட்டது. நீள வாட்டில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், குட்டை வாட்டில் ஆயிரத்தைச் சுற்றி. கைக்குள் வைத்து அழுத்திய பிடிகொழுக்கட்டை மாதிரி. ரபினோவிட்ஸ் சிலியிலிருந்து அளந்த ஒளி ஏற்ற இறக்கம் இதைத்தான் காட்டியது. கொழுக்கட்டையின் அகலப்பக்கம் நம்மைப் பார்க்கும்போது வெளிச்சம் கூடும், நுனி பார்க்கும்போது குறையும்.

2007-ல் பிரவுனும் சகாக்களும் நேச்சர் இதழில் இன்னொன்றை எழுதினார்கள். ஹௌமியாவின் மேற்பரப்பு கிட்டத்தட்ட தூய நீர்ப்பனி. அதே நிறமாலையுள்ள சிறு பொருள்கள் சில அதைப் போன்ற பாதையிலேயே ஓடுகின்றன. ஒரு பெரிய மோதலில் ஹௌமியாவின் பனிமேலோடு சிதறி அந்தத் துண்டுகளானது, நிலவுகளும் வேகச் சுழற்சியும் அதே மோதலின் மிச்சம் என்பது அவர்கள் விளக்கம். கைப்பர் பட்டையில் இப்படி அடையாளம் காணப்பட்ட முதல் மோதல் குடும்பம் இது. ஒரு சிக்கல் உண்டு: அப்படிப்பட்ட மோதலில் துண்டுகள் இன்னும் வேகமாகச் சிதறியிருக்க வேண்டும், இவை அவ்வளவு விலகிப் போகவில்லை. அதனால் இரண்டு பொருள்கள் மெல்ல உரசி ஒன்றாகின, அல்லது சுழற்சி மிகுந்து மேலோடு தானே பிய்ந்தது என்ற மாற்று விளக்கங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஓர்ட்டிஸ் திரும்பி வருகிறார்

விவகாரத்தோடு ஓர்ட்டிஸின் பெயர் முடிந்துபோகவில்லை. விண்மீன் மறைப்பைப் பயன்படுத்தித் தொலைதூரப் பொருள்களை அளப்பதில் அவர் குழு முன்னணிக்கு வந்தது. தொலைநோக்கியில் புள்ளியாகத் தெரிவதன் அளவை அறிய இதைவிடத் துல்லியமான வழி பூமியிலிருந்து இல்லை. பொருள் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது அதன் நிழல் பூமியின் மேல் ஓடுகிறது. பல ஊர்களிலிருந்து விண்மீன் மறைந்த வினாடிகளையும் திரும்பி வந்த வினாடிகளையும் குறித்தால் நிழலின் வடிவம் வந்துவிடும். காவலூரில் 1977-ல் செய்ததும் இதே வித்தை. 2011 ஏப்ரல் 23 அன்று மாகேமாகே ஒரு விண்மீனை மறைத்தபோது, அதற்குப் புளூட்டோவைப் போன்ற வளிமண்டலம் இல்லை என்று காட்டியது இந்தக் குழு. ஏரிஸையும் 2010 நவம்பரில் இதே வழியில் அளந்தபோதுதான் அதன் விட்டம் 2,326 கிலோமீட்டர், புளூட்டோவை ஒட்டியதே என்று தெரிந்தது. நிறையில் மட்டும் ஏரிஸ் கால்பங்கு கூடுதல்.

2017 ஜனவரி 21 அன்று ஹௌமியாவின் நிழல் ஐரோப்பாவின் மேல் ஓடியது. பத்து வானாய்வகங்களின் பன்னிரண்டு தொலைநோக்கிகள் காத்திருந்தன. கோள் மறைத்ததைத் தவிர, அதற்கு முன்னும் பின்னும் விண்மீன் சற்று மங்கியது. வளையம். மையத்திலிருந்து சுமார் 2,287 கிலோமீட்டர் தொலைவில், 70 கிலோமீட்டர் அகலத்தில், கோளின் நடுக்கோட்டுத் தளத்தில். அதிலுள்ள துகள்கள் ஒருமுறை சுற்றுவதற்குள் ஹௌமியா மூன்று முறை தன்னைச் சுற்றுகிறது. நெப்டியூனுக்கு அப்பால் வளையம் உள்ள பொருள் என்று முதலில் தெரிந்தது இதுவே. அந்த அக்டோபரில் வெளிவந்த நேச்சர் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஓர்ட்டிஸ். இந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

அதே அளவீடு ஒரு குட்டையையும் குழப்பியது. ஹௌமியா முன்பு எண்ணியதைவிடப் பெரியது, ஆகவே அடர்த்தி குறைவு: கன சென்டிமீட்டருக்கு 2.6 கிராம் என்று இருந்தது 1.9-க்குக் கீழே இறங்கியது. அந்த அடர்த்தியுள்ள ஒரேசீரான பொருள் இந்த வேகத்தில் சுழன்றால் எடுக்க வேண்டிய சமநிலை வடிவம் வேறு. குறுங்கோள் வரையறை கேட்பதே தன் ஈர்ப்பால் சமநிலை வடிவம் அடைந்திருக்க வேண்டும் என்பதைத்தான். 2008-ல் அதைக் குறுங்கோள் பட்டியலில் சேர்த்தபோது யாரும் வடிவத்தை நேரடியாக அளந்திருக்கவில்லை. போதுமான பிரகாசம் இருக்கிறது, ஆகவே போதுமான அளவு இருக்கும் என்ற நிர்வாக ஊகத்தில் பெயர்க்குழு அதை ஏற்றது. பின்னால் 2019-ல் வந்த கணக்கு ஒன்று, உள்ளே பாறைக் கருவும் வெளியே பனி ஓடும் இருப்பதாக வைத்துக்கொண்டால் இதே வடிவம் சமநிலைக்கு ஒத்துவரும் என்று காட்டியிருக்கிறது. ஆக இப்போதைக்குப் பதவி தப்பியது.

பூட்டிவைத்துக் காத்திருக்கும் பழக்கத்துக்கு இனி இடம் குறைவு. சிலியில் 2025-ல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகம் தெற்கு வானத்தைச் சில இரவுகளுக்கு ஒருமுறை முழுக்கத் துழாவும். நெப்டியூனுக்கு அப்பால் இதுவரை தெரிந்த பொருள்களின் எண்ணிக்கையைப் பல மடங்காக்குவது அதன் இலக்குகளில் ஒன்று. நகரும் புள்ளிகளை அதன் மென்பொருளே கண்டு மைனர் பிளானட் சென்டருக்கு நாள்தோறும் அனுப்பிவிடும் வகையில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நிலவின் பாதை தெரியும்வரை ஏழு மாதம் காத்திருக்கலாமா என்ற முடிவை எடுக்க அந்த ஏற்பாட்டில் மனிதர் யாரும் இல்லை.